வெயிலில் சில்லிட்ட பெட்டி

கிரிவலப் பாதையில் வண்டிகள் போகாமல் ரோட்டை மூட இன்னும் ஐந்தேகால் மணி நேரம் இருந்தது. அதற்குள் சதஃப் மூன்று சார்ஜர்களையும் பார்த்து முடித்து, எது நல்லது என்று சொல்லியாக வேண்டும்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்குச் சென்னையில் ஒரு சங்கம் இருக்கிறது. எந்த நிறுவனத்தின் வேக சார்ஜர் சொன்னபடி ஏற்றுகிறது, எது பாதி வழியில் காலை வாருகிறது என்று ஊர் ஊராகப் போய் ஒப்பிட்டுச் சொல்வதுதான் சதஃபுக்கு அங்கே வேலை. இயற்பியல் படித்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மீட்டரோடு தனியாக விட்டுவிட்டால் போதும், பொழுது போவதே தெரியாது.

இந்த முறை சொந்த ஊர், திருவண்ணாமலை. சித்ரா பௌர்ணமிக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்கள் வரிசையாக வரும். அவள் எந்தச் சார்ஜரைச் சொல்கிறாளோ, அத்தனையும் அங்கே போய் நிற்கும்.

அந்த மூன்றில் ஒன்றை எப்படியும் பார்த்தாக வேண்டும் என்றுதான் இந்தப் பயணத்தையே அவள் கேட்டு வாங்கியிருந்தாள். அடி அண்ணாமலையில் 'வழித்துணை' என்ற நிறுவனம் வைத்திருக்கும் சார்ஜர் அது. அதற்கு ஒயரிங் செய்தவன் அவள் அண்ணன் சமீர். வேலை முடிகிற சமயத்தில் செத்துப்போனான். அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லை, குடித்துவிட்டுச் செங்கம் ரோட்டில் பைக்கோடு விழுந்துவிட்டான் என்று கம்பெனி ஆட்கள் வாசலில் வந்து நின்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சமீர் இருமலுக்கு மருந்து குடிக்கக்கூட யோசிப்பவன்.

அம்மாவை அவள் அம்மி என்றுதான் கூப்பிடுவாள். ஒரு வருடமாக அம்மி எந்தக் கல்யாணத்துக்கும் போவதில்லை. கறிக்கடையில் இவர்கள் போய் நின்றால், அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் தராசைப் பார்ப்பார்கள். சதஃபுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு அவன் எங்கே இருந்தான்?

முதலில் வேங்கிக்கால் போனாள். அங்கே இருந்தது 'நீலம் கிரிட்'. ஒரு கார் நின்றால் அறுபது கிலோவாட். பக்கத்தில் இன்னொரு கார் வந்து சொருகினால் இரண்டுக்கும் பாதிப் பாதி. வெயில் ஏற ஏற அந்தப் பாதியும் இறங்கியது. பெட்டியில் கை வைத்தால் தோசைக்கல். ஆப் ஓடிபி கேட்டது. ஓடிபி வருவதற்குள் ஆப் உறைந்துவிட்டது.

"ரெண்டு தடவை அணைச்சுப் போடுங்க மேடம்," என்றார் அங்கே காத்திருந்த ஒருவர். "மூணாவது தடவை வெக்கப்பட்டு வந்துடும்."

இரண்டாவது ஊருக்குள், ஒரு லாட்ஜின் பின்னால் இருந்த 'ஜோல்ட்வே'. சார்ஜருக்கு முன்னால் ஒரு ஆட்டோ குறுக்கே நின்றது. அதை நகர்த்தினால் கேபிள் எட்டவில்லை. காரைத் திருப்பி, பின்பக்கமாக உள்ளே விட்டு, ஒரு வழியாகச் சொருகப் போனபோது லாட்ஜ் வாட்ச்மேன் வந்தார்.

"ரூம் போட்டீங்களா?"

"இல்லீங்க."

"ரூம் போட்டாதான் கரண்ட்."

இரண்டுமே மோசம்தான். ஆனால் ஏன் மோசம் என்பது புரிந்தது. அதனால் அவளுக்குப் பயம் எதுவும் வரவில்லை.

அடி அண்ணாமலைக்குப் போனபோது உச்சி வெயில். எதிரே மலை கண்ணைக் கூச வைத்தது. ரோட்டில் கானல் நெளிந்தது. தகரக் கூரை போட்ட, துடைத்து வைத்தாற்போல் சுத்தமான இடம். நடுவில் ஒரே பெட்டி, அதில் வண்டிக்குள் சொருகுகிற கன் இரண்டு. ஒரு கன்னில் கார் எதுவும் இல்லை. சென்னை நம்பர் போட்ட கார் ஒன்று மற்றதில் நின்றது. உள்ளே ஏசி போட்டுக்கொண்டு ஒரு பெண் போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார்ஜரைப் பார்த்துக்கொள்ளும் ஆள் நிழலில் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தின் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திருமலை என்று சட்டையில் பெயர் தைத்திருந்தது.

"இங்க இவ்ளோ நிழல் இருக்குதே, ஏங்க அங்க போய் உக்காந்துட்டிருக்கீங்க?" என்று கேட்டாள் சதஃப்.

"அது வண்டிக்குப் போட்ட நெழலுமா. மனுஷனுக்கு இதுதான்."

சிரித்துக்கொண்டே சொன்னார். எழுந்து வரவில்லை.

அவள் சங்கத்தின் காரை நிறுத்திக் கன்னைச் சொருகினாள். எந்தச் சார்ஜராக இருந்தாலும் முதலில் கொஞ்சம் யோசிக்கும். உள்ளே டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு மின்விசிறிகள் இரைச்சலோடு சுற்ற ஆரம்பிக்கும்.

இது யோசிக்கவே இல்லை.

திரையில் ஐம்பத்தெட்டு கிலோவாட் என்று வந்தது. அப்படியே நின்றது. பக்கத்திலும் ஒரு கார் ஏறிக்கொண்டிருக்கிறது, தலைக்கு மேல் தகரம் கொதிக்கிறது, எண் மட்டும் அசையவில்லை. மூன்றிலும் இதுதான் சிறந்தது. எந்தச் சந்தேகமும் இல்லை. இப்படி ஒன்று இருக்க முடியாது என்பதிலும் சந்தேகம் இல்லை.

மின்விசிறிச் சத்தம் வருகிறதா என்று பெட்டியருகே காதைக் கொண்டுபோனாள்.

விசிறி ஓடவில்லை. ஆனால் உள்ளே ஏதோ ஒரு சத்தம் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவர் மூச்சை உள்ளே இழுப்பதுபோல். இழுத்துக்கொண்டே இருப்பதுபோல். வெளியே விடும் சத்தம் வரவே இல்லை.

பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

வெயிலில் நின்ற இரும்பு, புது மண்பானைபோல் சில்லென்று இருந்தது.

கையை எடுத்துக் கீழே பார்த்தாள். சிமெண்ட் தரையில் இரண்டு ஈரக் காலடிகள். வெறுங்கால். விரல்கள் பெட்டியைப் பார்த்து இருந்தன. நடந்து வந்த தடம் இல்லை. திரும்பிப் போன தடமும் இல்லை. இரண்டு கால் மட்டும், நின்றபடி.

அந்த வெயிலுக்கு ஈரம் கண்ணெதிரே காய வேண்டும். காயவில்லை.

"தண்ணி ஊத்தினீங்களா?" ரோட்டைத் தாண்டிக் கேட்க வேண்டியிருந்ததால் அவள் குரல் உடைந்தது.

"நான் ஊத்தலமா."

"அப்ப யாரு?"

திருமலை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவசியத்துக்கு மேல் துடைத்தார்.

"பொழுதுக்கும் அப்படித்தான் இருக்கும். துடைச்சாலும் வரும். நீ பாத்தது போதும், கெளம்புமா. வரவங்க எல்லாம் அஞ்சு ஸ்டார் போட்டுட்டுதான் போறாங்க." பிறகு அவள் கால்களைப் பார்த்தார். "பூட்ஸ் போட்டிருக்க, நல்லதாப் போச்சு. வெறுங்காலோட மட்டும் அதாண்ட போயிடாத."

இந்த ரோட்டில் சமீர் பூட்ஸ் போட மாட்டான். 'அவ்ளோ பேரு வெறுங்காலோட சுத்தற எடத்துல நான் மட்டும் பூட்ஸோட நிக்கணுமா' என்பான். அம்மி திட்டினால் சிரிப்பான். வேலைக்குப் போகும்போது பூட்ஸ் வண்டிப் பெட்டியிலேயே கிடக்கும்.

கிளம்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய், அம்மி போடும் சாதத்தைத் தின்றுவிட்டுத் தூங்கலாம். அவள் அதைச் செய்யவில்லை. மீட்டரை எடுத்துக்கொண்டு பெட்டியின் பின்பக்கம் போனாள்.

ஒப்பிடுகிறவர்கள் யாரும் எர்த்தைப் பார்ப்பதில்லை. சதஃப் பார்ப்பாள். பெட்டிக்குள் எங்காவது கரண்ட் கசிந்தால் அது பச்சை ஒயர் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும். அதற்குத்தான் ஆழமாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, உள்ளே கம்பி இறக்கி, மேலே சிமெண்ட் மூடி போட்டு வைப்பது. எர்த் இல்லையென்றால் வேக சார்ஜர் வண்டிக்குக் கரண்டே விடாது. மலையடி முழுக்கப் பாறை. இங்கே எர்த் பிடிப்பது சாமானிய வேலை இல்லை.

பைப்பிலிருந்து வெளியே வந்து மூடிக்குள் நுழைந்த பச்சை ஒயரை மீட்டரின் வாயில் கவ்வக் கொடுத்தாள். ஒரு ஓமுக்கும் கீழே காட்டியது; எவ்வளவு குறைவோ, எர்த் அவ்வளவு நல்லது. ஈரக் களிமண்ணில்கூட இவ்வளவு நன்றாக வராது.

காரின் ஜாக்கிக் கம்பியால் மூடியை நெம்பினாள்.

உள்ளே குழி இல்லை.

ஒரு சாண் ஆழம். அதற்குக் கீழே பாறை. கரி இல்லை, உப்பு இல்லை, கம்பி இல்லை. ஒரு சிலந்தி வலை. பச்சை ஒயர் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் செம்பு முனை எதையும் தொடவில்லை. காற்றில் இருந்தது.

மீட்டர் இன்னும் ஒன்றுக்குக் கீழே காட்டியது.

மீட்டரைக் கழற்றினாள். பேட்டரியைப் பார்த்தாள். மறுபடி மாட்டினாள். அதே எண்.

அப்போதுதான் கவனித்தாள். காற்றில் நிற்கிற ஒயர் தொய்ந்து கிடக்க வேண்டும். இது விறைத்து நின்றது. யாரோ முனையைப் பிடித்து நிற்பதுபோல்.

ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஒயரைப் பிடித்தாள். லேசாக இழுத்தாள்.

மறுமுனை அவளை இழுத்தது.

இரண்டு முறை. சின்னதாக.

பள்ளிக்கூட விடுமுறையில் சமீர் அவளையும் ஒயரிங் வேலைக்குக் கூட்டிப்போவான். சுவருக்குள் போகும் பைப்பில் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். ஒருவருக்கு ஒருவர் தெரியாது. கத்தினாலும் கேட்காது. ஒரு இழுப்பு என்றால் இழு. இரண்டு இழுப்பு என்றால் விடு. அவர்களுக்குள் இருந்த பேச்சு அது. வேறு யாருக்கும் தெரியாது.

"பையா," என்று அண்ணனைக் கூப்பிட்டாள். சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

மறுபடி இரண்டு இழுப்பு.

விடு.

முடி கருகிய வாடை வந்தது. அதற்கு அடியில், வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு அவன் பூசும் அத்தர்.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இந்தப் பெட்டி கசிகிறது. முதல் நாளிலிருந்தே கசிகிறது. மண்ணுக்குள் இறங்க வழி இல்லாத அந்தக் கரண்ட், ஈரக் காலோடு இங்கே நிற்கிற ஒருவன் வழியாக இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும். ஒரு வருடமாக. அவன் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் இதுவரை வேறு யாரையும் அது தொடவில்லை.

இரண்டு இழுப்பு. இந்த முறை பலமாக. கோபமாக.

விடு.

"மாட்டேன்," என்றாள் சதஃப்.

அதற்குள் நிழல்கள் சாய ஆரம்பித்திருந்தன. சீக்கிரமே நடக்கத் தொடங்கியவர்கள் கூரைக்கடியில் ஒதுங்கினார்கள். எல்லோரும் வெறுங்கால். ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். குழந்தையின் கையிலிருந்த தண்ணீர் பாக்கெட் நழுவி அவள் பாதத்தில் கொட்டியது. தடுமாறியவள், சாய்ந்துகொள்ளப் பெட்டியை நோக்கிக் கையை நீட்டினாள்.

உள்ளே இருந்த மூச்சுச் சத்தம் உயர்ந்தது. அடக்க முடியாமல் உயர்ந்தது.

சதஃப் ஓடினாள். பெட்டியின் முகப்பில் இருந்த சிவப்புக் குமிழை உள்ளங்கையால் அறைந்தாள். ஆபத்தென்றால் எல்லாவற்றையும் நிறுத்துகிற குமிழ் அது. திரை இருண்டது. சத்தம் நின்றது.

ஒரு நீண்ட மூச்சு வெளியே போவது கேட்டது.

"அக்கா, அதுமேல சாயாதீங்க. தள்ளிப் போங்க," என்றாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நகர்ந்தாள்.

சென்னை நம்பர் காரின் கண்ணாடி இறங்கியது.

"ஹலோ, யாருங்க நிறுத்துனது? எனக்கு இன்னும் பாதிகூட ஏறல."

"எர்த் இல்லீங்க," என்றாள் சதஃப்.

"அதெல்லாம் எனக்கு எதுக்குங்க? ரோடு மூடறதுக்குள்ள நான் வெளிய போகணும்."

பின்னால் வந்து நின்ற கார்கள் ஹாரன் அடித்தன. "பொண்ணு கையில வெளையாட்டுச் சாமான் குடுத்தது யாரு?" என்று ஒருவன் கேட்க, இரண்டு பேர் சிரித்தார்கள். சதஃபின் காது மடல் சுட்டது. கையைக் குமிழிலிருந்து எடுக்கவில்லை.

திருமலை போன் செய்திருக்க வேண்டும். ஊருக்குள் இருந்த மேலாளர் கோதண்டராமன் சீக்கிரமே வந்துவிட்டார். மடிப்புக் கலையாத சட்டை, பளபளக்கும் ஷூ. வரும்போதே சிரித்தார்.

"சங்கத்துலேர்ந்து வந்த பொண்ணா? என்னம்மா பிரச்சினை? ரீடிங் பாத்தியா, இல்லியா? தமிழ்நாட்டுலயே இந்த ரீடிங் எங்கயும் கெடையாது."

"குழி இல்ல சார். மூடி மட்டும்தான் இருக்குது."

சிரிப்பு இருந்த இடத்திலேயே நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாறைம்மா. மிஷினே எறங்கல. பௌர்ணமி முடியட்டும், போட்டுடலாம். ஒரு வருஷமா ஓடுது, யாருக்கு என்ன ஆச்சு? நீ நல்லதா நாலு வரி எழுது. நாங்களும் உன்னைப் பாத்துக்குவோம்."

"இன்னைக்கு நைட்டு எத்தனை லட்சம் பேரு நடப்பாங்க சார்?"

"அதுக்கு?"

"எல்லாரும் வெறுங்கால்."

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "ஒண்ணுமில்ல சார், சின்ன டெஸ்டிங். இதோ ஆன் பண்ணிடறேன்." அவள் கையை விலக்கிவிட்டு, குமிழைப் பிடித்துத் திருகினார். திருகினால் அது மேலே எழும்பும், பெட்டி உயிர் பெறும்.

குமிழ் திரும்பவில்லை.

இரண்டு கையாலும் திருகினார். கழுத்து நரம்பு புடைத்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். விரல்களைப் பார்த்தார். ஈரமாக இருந்தன.

"யாரு இதுல தண்ணி விட்டது?"

ரோட்டுக்கு அந்தப் பக்கம் திருமலை நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். உதடுகள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

சதஃப் கோதண்டராமனுக்கு எதிரே போய் நின்றாள்.

"ஆன் பண்ணலாம் சார்," என்றாள். "நானே பண்ணித் தரேன். ஒரு வேலை செய்யுங்க. ஷூவைக் கழட்டுங்க. வெறுங்காலோட நின்னு, இந்தப் பெட்டி மேல கையை வெச்சுக்கங்க. நான் ஆன் பண்றேன்."

ஹாரன் சத்தம் நின்றது. சென்னை நம்பர் காரிலிருந்த பெண் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

"வெச்சுக் காட்டுங்களேன் சார்," என்றாள் அவள். "நீங்க சொல்ற மாதிரி ஒண்ணுமில்லைன்னா, தொடறதுக்கு என்ன?"

கோதண்டராமன் பின்னால் ஓர் அடி வைத்தார். "வெளையாடறீங்களா? நான் என்ன பைத்தியமா, அவனாட்டம் செருப்பு இல்லாம போய்த் தொட்டுட்டு..."

நிறுத்தினார்.

அந்த வார்த்தை வெளியே வந்துவிட்டது அவர் முகத்தில்தான் முதலில் தெரிந்தது.

"யாராட்டம் சார்?" என்று கேட்டாள் சதஃப்.

அவர் கண்கள் தரையில் இருந்தன. சதஃபும் பார்த்தாள். பெட்டியைப் பார்த்து நின்ற இரண்டு ஈரக் காலடிகள் இப்போது திரும்பியிருந்தன. விரல்கள் அவரைப் பார்த்து இருந்தன. அவருக்கும் அவளுக்கும் நடுவில்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முன்னால் இன்னொரு காலடி பதிந்தது.

யாரோ ஒரு குழந்தையைப் பின்னால் இழுத்தார்கள். நடந்து போனவர்கள் நின்றார்கள். நாலு பேர் இல்லை, நாற்பது பேர் இருப்பார்கள். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். நாக்கு வழக்கம்போல் மேல் அண்ணத்தைத் தேடிப் போனது.

அவள் தோளில் ஒரு கை விழுந்தது. ஈரமாக, சில்லென்று, கனமாக. யாருடைய கை என்று அவள் பார்க்கவில்லை. அந்தக் கை ஒரே ஒரு முறை அவளை முன்னால் இழுத்தது. இழு.

சதஃப் வாயைத் திறந்தாள். தன் குரல் இவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"எங்க அண்ணன் பேரு சமீர். அவன் குடிக்கல. செங்கம் ரோட்டுல சாகல. அன்னைக்கு வேலைக்கு வந்தான். இதோ இந்த எடத்துல, இந்தப் பெட்டியைத் தொட்டுதான் செத்தான்."